பாதி முகப் பரிசோதனை

முப்பத்தைந்து வயதில் நான் ஓய்வு பெற்றவள். சொன்னால் சிரிக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் கழக்கூட்டத்துக்குப் பக்கத்தில் பத்து வருடம் நான் வேலை பார்த்த அழகுசாதனக் கம்பெனி, கிரீம்களை மனிதர்கள் மேல் போட்டுச் சோதிக்கும் அறையை இந்த வருடம் மூடிவிட்டது. இனி வாங்குகிறவர்களே கைபேசியில் முகத்தைப் படம் எடுத்துக்கொள்வார்கள். ஒரு செயலி தோலுக்கு மதிப்பெண் போடும். நான்கு வாரம் கழித்து இன்னொரு படம், இன்னொரு மதிப்பெண். அதில் எனக்கு இடம் இல்லை என்று மரியாதையாகவே சொன்னார்கள். நானும் மரியாதையாகவே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

வந்த நாளிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து, குளித்து, பையை எடுத்த பிறகுதான் போக இடம் இல்லை என்பது நினைவுக்கு வருகிறது. சாலைக் கடைத்தெருவுக்குப் போனால் கிரீம் டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் பின்பக்கம் படிக்கிறேன். போன வாரம் ஒரு கடைப் பெண் ஏதாவது வேண்டுமா என்று மூன்று முறை கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்று சொன்னேன். ஆனால் போகவில்லை.

என்னோடு வேலை பார்த்த சின்னப் பெண்கள் இருவர் இன்னும் அங்கே வேறு பிரிவில் இருக்கிறார்கள். "அக்கா, அந்தப் பாதி முகக் கதையை எழுதி வையுங்க" என்று விடாமல் கேட்கிறார்கள். அவர்களுக்கு அது ஒரு நகைச்சுவைக் கதை. எனக்கு அப்படி இல்லை. அதனால் எழுதுகிறேன்.

என் அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கரமனையில் இஸ்திரி வண்டி போட்டவர்கள். எந்தச் சட்டை எந்த வீட்டுடையது என்று துணியைத் தொட்டே அப்பா சொல்லிவிடுவார். சட்டைப் பையில் எழுதியிருக்கும் பெயரை வாசிக்க வராது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேதியியலில் முதுகலைப் பட்டம் வாங்கினேன். எப்படி வாங்கினேன் என்பதை இங்கே நீட்ட வேண்டாம். வாங்கினேன் என்பதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமைக்கும் நான் செய்த தவறுக்கும் சம்பந்தம் உண்டு என்பதால் சொல்ல வேண்டியும் இருக்கிறது.

பரிசோதனை அறைக்குத் தலைவி விசாலம் மேடம். கரமனை அக்ரகாரத்துக்காரர். அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார், கன்னத்தைப் பார்த்துப் பேசுவார். அறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டார். மறுநாள் மேசையில் அது திரும்பி வந்திருக்கும். ஏதோ ஒரு சொல்லைச் சுற்றி மட்டும் பென்சிலில் ஒரு வட்டம் இருக்கும். ஏன் என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் முதலில் எழுதிய பத்தியில் 'குணமானது' என்ற சொல்லுக்கு வட்டம் போட்டிருந்தார். அரை நாள் யோசித்துவிட்டு 'குறைந்தது' என்று மாற்றினேன். மறுநாள் அதற்கும் வட்டம். எவ்வளவு குறைந்தது, யாருக்கு, எத்தனை நாளில், எதை வைத்து அளந்தாய் என்பதெல்லாம் வந்த பிறகுதான் வட்டம் நின்றது.

அந்த அறையில் நான் கற்றது எளிமையானதுதான். தோலின் மேலே இருப்பது செத்த செல்களின் மெல்லிய அடுக்கு. உள்ளே இருப்பதை வெளியே விடாமலும் வெளியே இருப்பதை உள்ளே விடாமலும் காப்பதே அதன் வேலை. அழகான பெயர் வைத்த பொருள்களில் பெரும்பாலானவை அந்த வாசலிலேயே நின்றுவிடும். கொலாஜன் போட்ட கிரீம் தோலுக்குள் கொலாஜனைக் கொண்டுபோய்ச் சேர்க்காது, அதன் மூலக்கூறு அவ்வளவு பெரியது. கிளிசரின் தண்ணீரைப் பிடித்து வைக்கும். வாஸ்லைன் அந்தத் தண்ணீரைப் போகாமல் மூடும். காய்ந்த தோலில் தெரியும் சின்னக் கோடுகள் ஒரு மணி நேரத்தில் மறையும், கிரீமை நிறுத்தினால் திரும்ப வரும். வைட்டமின் ஏ வகைப் பொருள்கள் சில உண்மையிலேயே வேலை செய்யும், மாதக்கணக்கில், எரிச்சலோடு. எல்லாவற்றையும்விட அதிகம் செய்வது சன்ஸ்கிரீன். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, தினமும் முகம் கழுத்தெல்லாம் போட்டால். யாரும் அப்படிப் போடுவதில்லை.

நான் சேர்ந்த நாலாவது மாதம் கம்பெனி ஒரு புதிய கிரீம் தயார் செய்தது. அதில் அதிமதுரச் சாறு கொஞ்சம் சேர்த்திருந்தார்கள். விற்பனைப் பிரிவுத் தலைவர் ராஜீவ் சார் அட்டைப்பெட்டியின் வடிவமைப்பை அதற்குள் முடித்துவிட்டார். எட்டு வாரத்தில் மங்கு மறையும் என்று அதில் போட்டிருந்தது. கன்னத்திலும் நெற்றியிலும் படரும் கரும்படலத்தை நாம் மங்கு என்கிறோம், இங்கே கரிமாங்கல்யம் என்பார்கள். பிள்ளை பெற்ற பெண்களுக்கு அதிகம் வரும். வெயில் பட்டால் கூடும்.

பெட்டியில் அப்படிப் போடலாமா என்று பார்க்கும் வேலையை மேடம் என்னிடம் கொடுத்தார். பரிசோதனையை நானே திட்டமிட வேண்டும், நடத்த வேண்டும், அறிக்கையில் என் பெயர் வரும். நான் அப்போது தற்காலிக வேலையில் இருந்தேன். நிரந்தரம் செய்வதா இல்லையா என்பதை இந்த அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

நான் தேர்ந்தெடுத்தது பாதி முக முறை. புத்தகத்தில் இருக்கும் நல்ல முறைதான் அது. ஒரே பெண்ணின் ஒரு கன்னத்தில் சாறு சேர்த்த கிரீம், மறு கன்னத்தில் சாறு சேர்க்காத அதே கிரீம். ஒரே வெயில், ஒரே சாப்பாடு, ஒரே தூக்கம், ஒரே ஆள். வித்தியாசம் வந்தால் அது சாற்றால் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். சிவப்பு மூடி ஒரு டியூப், நீல மூடி ஒரு டியூப். எதில் சாறு இருக்கிறது என்பது ஸ்டோர்க்காரருக்கு மட்டும் தெரியும், எனக்கும் தெரியாது. யாருக்கு எந்தக் கன்னம் சிவப்பு என்று சீட்டுப் போட்டு எடுத்தேன். சன்ஸ்கிரீன் மட்டும் முகம் முழுக்க, எல்லாருக்கும்.

பேக்கிங் பிரிவிலிருந்து மங்கு இருக்கும் இருபத்து நாலு பெண்கள் வந்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளவெடுப்பு. வந்ததும் முகம் கழுவி, குளிரூட்டிய அறையில் இருபது நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். ரத்த ஓட்டம் நிதானப்பட்டால்தான் நிறக் கருவி சரியாகக் காட்டும். தாடையை ஒரு தாங்கியில் வைத்துப் படம் எடுப்பேன். மச்சங்களை அடையாளமாக வைத்து ஒளி ஊடுருவும் தாளில் கன்னத்தை வரைந்து வைத்திருந்தேன். அந்தத் தாளை வைத்து ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் மூன்று தடவை அளப்பேன். பிறகு டியூப்களை எடை போடுவேன். எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்று பார்த்தால் ஒழுங்காகப் போட்டார்களா என்று தெரிந்துவிடும் என்பது என் நம்பிக்கை.

பேசாமல் உட்கார வேண்டிய இருபது நிமிடத்தில் பேசியே தீருபவர் தங்கமணி அக்கா. விதுராவுக்கு மேலே மலையில் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர், முப்பத்தெட்டு வயது, தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார். இரண்டு கன்னத்திலும் உள்ளங்கை அளவு மங்கு. "என் வீட்டுக்காரர் என்னை லோகத்துல உள்ள மேப்பெல்லாம் முகத்துல காட்டுற டீச்சர்னு விளிப்பாரு பிள்ளே" என்று ஒருநாள் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் கையைக் காட்டி அடக்கினேன். அளவெடுப்பு முக்கியம் எனக்கு.

எட்டு வாரம் முடிந்தது. எல்லார் முகத்திலும் மங்கு ஓரளவு மங்கியிருந்தது. ஆனால் சிவப்புக் கன்னத்துக்கும் நீலக் கன்னத்துக்கும் வித்தியாசமே இல்லை. டியூப் எடைகள் அப்படியே ஒத்துப்போயின. இவ்வளவு ஒழுங்காகப் போட்ட பெண்களைத் தான் பார்த்ததே இல்லை என்று மேடமே ஆச்சரியப்பட்டார். சாற்றால் வித்தியாசம் காணப்படவில்லை என்று எழுதினேன். கூட்டத்தில் ராஜீவ் சார் என் வயதைக் கேட்டார். மேடம் அறிக்கையை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, பதில் இதில் இருக்கிறது என்றார். பெட்டியை மாற்றுவது என்று முடிவானது. அன்று மாலை பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன், உட்கார இடம் இருந்தும். இஸ்திரி வண்டிக்காரர் மகள் ஒரு கம்பெனியின் பெட்டியை மாற்ற வைத்தாள் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒரு வாரம் கழித்து, கேன்டீனில் தங்கமணி அக்கா எதிரே வந்து உட்கார்ந்தார்.

"பிள்ளே, அந்த ரெண்டு டியூப்பும் மிச்சம் உண்டோ? கலக்கிப் போட்டா முகம் நல்ல மயமா, பஞ்சு மாதிரி இருந்துச்சு."

"கலக்கியா?"

"பின்னே? உள்ளங்கையில சிவப்புல ஒரு பயறளவு, நீலத்துல ஒரு பயறளவு. கலக்கி முகம் முழுக்க. எல்லாரும் அப்படித்தான்."

எல்லாரும் என்றால் யார் யார் என்று கேட்டேன். இருபத்து நாலு பேரும்தான் என்றார், இதில் என்ன இருக்கிறது என்பதுபோல. முதல் நாளே கம்பெனி வண்டியில் போகும்போது பேசி முடிவெடுத்திருக்கிறார்கள்.

"ஒரு பக்கம் மட்டும் வெளுத்துப் போச்சுன்னா? பாதி கறுப்பு பாதி வெளுப்புமா தெருவுல எப்படி நடக்குறது? எங்க கூட உள்ள சுஜாவுக்கு மாப்பிள்ளை பார்க்காங்க. எனக்கே நாத்தனா மகள் கல்யாணம் இருந்துச்சு. ஆனா ஒங்க டெஸ்ட் கெட்டுறப்படாதுன்னு ரெண்டுலயும் ஒரே அளவுதான் எடுத்தோம், கேட்டோ. அதுல ஒரு கள்ளத்தனமும் இல்ல."

எடைகள் ஏன் அப்படி ஒத்துப்போயின என்று அப்போது புரிந்தது. அன்று நான் சாப்பிடவில்லை.

அடுத்த இரண்டு நாள் என் மனம் ஓடாத ஓட்டம் இல்லை. என் முடிவு சரியாகவே இருக்கலாம். சாறு அதில் துளியளவுதான் இருந்தது, அவ்வளவால் மங்கு போகும் என்று எனக்கு அன்றும் நம்பிக்கை இல்லை. நான் வாயைத் திறந்தால் அறிக்கை செல்லாது. அறிக்கை செல்லாது என்றால் ராஜீவ் சாரின் பழைய பெட்டி வெளியே போகும். பெண்கள் ஏமாறுவார்கள், என் வேலையும் போகலாம். வாயை மூடினால் எல்லாம் நல்லபடி இருக்கும், அறிக்கை பொய் என்பதைத் தவிர. அலுவலகப் படிக்கட்டில் காரணமில்லாமல் ஏறி இறங்கினேன். பட்டம் ஒரு திருட்டுப் பொருளைப்போல உறுத்தியது. வித்தியாசம் இல்லை என்று நான் நம்பியிருந்தேன். அளந்து பார்த்தேன் என்று எழுதியிருந்தேன். நான் அளந்தது ஒரே கலவையைப் பூசிய இரண்டு கன்னங்களை.

மூன்றாம் நாள் காலை மேடத்திடம் சொன்னேன். பெண்கள் விதியை மீறிவிட்டார்கள் என்றுதான் ஆரம்பித்தேன். அவர் என் கன்னத்தைப் பார்த்தபடி முழுக்கக் கேட்டார்.

"உன் முகத்துல பாதிக்கு மட்டும் போட்டுண்டு எட்டு வாரம் நடன்னு நான் சொன்னா, நீ போட்டுப்பியோ?"

"மாட்டேன் மேடம்."

"அவாளுக்கும் அப்படித்தானே இருந்திருக்கும். உனக்கு அது ஏன் தோணலை?"

அந்தக் கேள்விக்கு எனக்கு அன்றே பதில் தெரியும். மேடத்திடம் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். அந்தப் பெண்களை நான் கன்னங்களாகத்தான் பார்த்தேன். நான் படித்தவள், அவர்கள் சொன்னதைச் செய்வார்கள் என்று நினைத்தேன். அவர்களும் யோசிப்பார்கள் என்று நினைக்கவில்லை. என் அம்மா அந்த இருபத்து நாலு பேரில் இருந்திருந்தால் அவளும் கலக்கித்தான் போட்டிருப்பாள்.

"உன் மேல வருமேன்னு பயமா இருக்கோ?" என்று மேடம் கேட்டார். ஆமாம் என்றேன். "வரும். எழுது" என்றார்.

அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக ஒரு பக்கம் எழுதினேன். பங்கேற்றவர்கள் மீறினார்கள் என்று முதலில் எழுதினேன். மேடம் வட்டம் போடுவதற்கு முன்பே நானே அதை அடித்துவிட்டு, முறையைத் தேர்ந்தெடுத்ததில் தவறு, அந்தத் தவறு என்னுடையது என்று எழுதினேன். ராஜீவ் சார் கோபப்படவில்லை. சந்தோஷமாகக் கையைக் குலுக்கினார். இப்படி நேர்மையான ஆட்கள்தான் கம்பெனிக்கு வேண்டும் என்றார். இரண்டாவது பரிசோதனை முடியும்வரை பெட்டியை நிறுத்தி வைக்கச் சொல்லி மேடம் கேட்டார். ஓணம் காத்திருக்காது என்று மேலிடம் சொல்லிவிட்டது. எட்டு வாரத்தில் மங்கு மறையும் பெட்டி அச்சாகி வந்தது. என் நிரந்தரக் கடிதம் ஆறு மாதம் தள்ளிப்போனது.

இரண்டாவது பரிசோதனையில் ஒரு பெண்ணுக்கு ஒரே கிரீம், முகம் முழுக்க. பாதிப் பேருக்குச் சாறு சேர்த்தது, பாதிப் பேருக்குச் சேர்க்காதது. இந்த முறைக்கு ஆள் அதிகம் வேண்டும். சாயங்காலங்களில் கழக்கூட்டம் ஹாஸ்டல்களில் ஏறி இறங்கி ஆள் சேர்த்தேன். தொடங்குவதற்கு முன் பேக்கிங் ஹாலில் நின்று, போன முறை நான் செய்தது தவறு என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். இதில் உங்களால் செய்ய முடியாதது ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டேன். தோல் வேலையில் நான் கேட்ட முதல் நல்ல கேள்வி அதுதான். சன்ஸ்கிரீன் முகத்தில் வெள்ளையடித்ததுபோல் தெரிகிறது என்றார்கள். வேறு ஒன்று தேடிக் கொடுத்தேன்.

ஓணத்துக்குப் பத்து நாள் முன்பு ஊழியர்களுக்குச் சலுகை விற்பனை நடந்தது. வரிசையில் தங்கமணி அக்கா புதிய பெட்டியோடு நின்றார். அவரும் இரண்டாவது பரிசோதனையில் இருந்தார். நான் பக்கத்தில் போய், அதை வாங்க வேண்டாம், பெட்டியில் எழுதியிருப்பதை யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை என்று மெதுவாகச் சொன்னேன்.

"இல்லன்னும் நிரூபிக்கலை அல்லே?"

"நான் எழுதினேன் அக்கா, வித்தியாசம் இல்லன்னு."

"எழுதினீங்க. அது தப்புன்னு நீங்கதானே வந்து பறஞ்சீங்க. பின்னே இப்ப நான் எதை நம்பணும்?"

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இன்னும் நாற்பது நாள் பொறுங்கள் என்றேன். தனக்கு இந்த முறை கிடைத்தது சாறு இல்லாத டியூப் என்றுதான் தோன்றுகிறது, ஓணத்துக்கு ஊருக்குப் போகும்போது முகம் தெளிந்திருக்க வேண்டும், நாற்பது நாள் தன்னிடம் இல்லை என்றார். வாங்கிக்கொண்டு போனார். வேறு கிரீம் போடுகிறவரைப் பரிசோதனையில் வைத்திருக்க முடியாது. அவர் பெயரை நானே அடித்தேன்.

அந்த ஓணத்துக்கு எத்தனையோ வீடுகளுக்கு அந்தப் பெட்டி போனது. நான் வாயை மூடியிருந்தால் போயிருக்காது. இதை எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும் ஒரு பக்கம் நிற்க மாட்டேன் என்கிறது. சொன்னதற்கு வருத்தம் இல்லை, நிம்மதியும் இல்லை.

நாற்பது நாள் கழித்து எந்த டியூப்பில் சாறு என்ற குறியீட்டை ஸ்டோர்க்காரர் பிரித்தார். சாறு போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இடையே தெரிந்த வித்தியாசம், ஒரே கன்னத்தை இரண்டு முறை அளந்தால் வரும் வித்தியாசத்தைவிடச் சின்னது. இரண்டு குழுவுக்கும் மங்கு கொஞ்சம் மங்கியிருந்தது. தினமும் வெயிலை மறைத்ததும் தோலை ஈரமாக வைத்ததும்தான் காரணமாக இருக்க வேண்டும். என் முதல் அறிக்கையில் இருந்த அதே வாக்கியம். ஆனால் இந்த முறை அது எனக்குச் சொந்தம். அடுத்த அச்சில் பெட்டியிலிருந்து மங்கு போய், ஈரப்பதம் வந்தது.

முடிவைப் பேக்கிங் ஹாலில் போய்ப் படிக்க வேண்டும் என்று நானே கேட்டு அனுமதி வாங்கினேன். பெட்டிகள் ஓடும் பெல்ட்டை நிறுத்தினார்கள். யாருக்கு எந்த டியூப் என்பதுவரை எல்லாவற்றையும் படித்தேன். சாறு இல்லாத டியூப் கிடைத்தவர்கள் தங்களுக்கு நன்றாகத்தான் இருந்தது என்று சொல்லிக்கொண்டார்கள். பின் வரிசையிலிருந்து தங்கமணி அக்கா எழுந்தார். மங்கு முன்பு இருந்த அளவுக்குத் திரும்பியிருந்தது. பெட்டி கிரீம் கிடைத்துவிட்டதே என்று சன்ஸ்கிரீனை நிறுத்தியிருந்தாராம்.

"பிள்ளே, இதுவும் தப்புன்னு ரெண்டு மாசம் கழிச்சு வந்து சொல்வீங்களா?"

ஹால் முழுக்கச் சிரிப்பு.

"தப்பு இருந்தா வந்து சொல்வேன் அக்கா."

அவர் என்னைப் பார்த்தார். மேடம் பார்ப்பதுபோல் கன்னத்தை இல்லை, நேராக.

"அப்போ எனக்கும் அந்த வெயில் கிரீம் ஒண்ணு எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரோ பெல்ட்டை ஓடவிட்டார்கள்.